சாமான் கப்பலில் ஒரு மூலை

ஜனவரி 9

1982இல் இதே தேதியில்தான் இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா குழு பனியில் கால் வைத்தது. எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர். கோவாவிலிருந்து அவர்களை ஏற்றிப்போன ‘போலார் சர்க்கிள்’ நார்வேக்காரர்களின் கப்பல், வாடகைக்கு எடுத்தது. இன்றைக்கும் நமக்குச் சொந்தமாகப் பனி உடைக்கும் கப்பல் கிடையாது. வாடகைதான். வெட்கக்கேடு என்பார்கள் சிலர். எனக்கு அப்படிப் படவில்லை. துருவக் கடலைப் பற்றித் தெரிந்ததில் நல்ல பங்கு, வேறு வேலையாகப் போன கப்பல்களில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்த்ததுதான்.

ஜனவரி 13

ரீயூனியன் தீவிலிருந்து சித்தப்பா மகன் பொங்கலுக்கு வந்திருக்கிறான். அங்கே துறைமுகத்தில் வேலை. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து ‘மரியோன் துஃப்ரேன்’ கப்பலைப் பற்றிக் கேட்டேன்.

“அது சாமான் கப்பல்ணே. தெக்கே இருக்கற தீவுங்களுக்கு எண்ணெய், சாப்பாட்டுச் சாமான், தபால் எல்லாம் ஏத்திக்கினு போவும். விஞ்ஞானிங்களும் ஏறுவாங்க. காசு குடுத்துச் சுத்திப் பாக்க வர்றவங்களும் கொஞ்சம் பேரு.”

பிரான்சின் தெற்குத் தீவுகளான குரோசே, கெர்கெலென், ஆம்ஸ்டர்டாம் மூன்றுக்கும் அதுதான் உயிர்நாடி. சரக்கு நடை போக மிச்ச நாளில் முழு ஆராய்ச்சிக் கப்பலாக மாறிவிடும். ஆனால் என்னை இழுப்பது அந்தச் சரக்கு நடைதான். 1998 முதல், போகிற வழியிலேயே கடல்நீரை உறிஞ்சி, அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அளக்கிறார்கள். மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் உலகக் கடல்கள் உள்வாங்குவதில் சுமார் 40 சதவீதம் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலின் பங்கு. அந்தக் கணக்கு கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல ஒரு தடவை போய் வந்தால் போதாது. அதே தடத்தில் வருஷா வருஷம் போக வேண்டும். ஆராய்ச்சிக்கென்றே கப்பல் எடுத்து அப்படி ஓட்ட யார் பணம் கொடுப்பார்கள்? தீவில் இருப்பவர்களுக்கோ வருஷா வருஷம் சாப்பாடு போயே ஆக வேண்டும்.

ஜனவரி 16

இன்னொரு கப்பல் ‘அஸ்த்ரோலாப்’. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டிலிருந்து அண்டார்க்டிகாவிலுள்ள பிரெஞ்சு நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும். 1992இல் அதில் ஏறிய விஞ்ஞானிகள் எக்ஸ்.பி.டி. என்ற வெப்பமானியை வீச ஆரம்பித்தார்கள். குட்டி வெடிகுண்டு போல இருக்கும். பின்னால் மயிரிழைச் செம்புக் கம்பி. விழ விழ நீரின் வெப்பநிலையைக் கம்பி வழியே மேலே அனுப்பும். கடைசியில் கம்பி அறுந்துவிடும், கருவி கடலோடு போய்விடும். கப்பல் நிற்கவே வேண்டாம். மாலுமி தன் வேலையைப் பார்க்கலாம்.

அந்த ஒன்றுதான் முக்கியம். கப்பல் கம்பெனிக்கு ஒரு நாள் தாமதம் என்றால் பெரும் பணம். அவர்களைத் தொந்தரவு செய்யாத கருவி இருந்தால்தான் கூட்டாளித்தனம் நீடிக்கும். நம் சென்னை–போர்ட் பிளேர் பயணிக் கப்பல்களிலும் கோவாவின் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் பல வருஷமாக இதே கருவியைத்தான் வீசிவருகிறது. வாந்தியோடு படுத்திருக்கும் பயணிக்கு இது தெரிய நியாயமில்லை.

ஜனவரி 19

கப்பலை நம்பி ஏறிய விஞ்ஞானியின் கஷ்டம் நம்ம ஊருக்குப் புதிதல்ல. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன சேதி வந்தது, கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலில் நின்று பார்த்தார்; அளவு உருப்படவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, இங்கேயே கூடம் கட்டிப் பார்த்தபோது மேகம் மூடிக்கொண்டது. பாவம் மனிதர். அவர் கருவிக்கு அசையாத தரை வேண்டியிருந்தது, எக்ஸ்.பி.டி.க்கு ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை.

ஜனவரி 24

சொந்தக் கப்பலுக்கு வழி பிறந்திருக்கிறது. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம், துருவ ஆராய்ச்சிக் கப்பல் கட்ட நார்வேயின் கொங்ஸ்பெர்கோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. வரட்டும், சந்தோஷம். பனிக்குள் நின்று மண் எடுக்க, மிதவை நட, அது வேண்டும். ஆனால் அதற்குப் பத்து இடத்திலிருந்து அழைப்பு வரும். ஒரே தடத்தில் கட்டிப்போட முடியாது. அண்டார்க்டிகாவிலுள்ள நம் மைத்ரி, பாரதி நிலையங்களுக்குச் சாமான் ஏற்றும் வாடகைக் கப்பல் எதுவானாலும், ஒப்பந்தம் எழுதும்போதே தண்ணீர்க் குழாய்க்கு ஒரு துளை, கருவி வீச ஒரு மூலை, விஞ்ஞானிக்கு ஒரு படுக்கை என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு கேட்டால் கேப்டன் சிரிப்பார்.