திறக்கப்படாத பெட்டிகள்

 

பிள்ளை வளர்ப்பு, இல்லற ஒழுக்கம், மக்தப் பாடம் என்று எழுதி வந்த நாம், இம்முறை ஒரு சாண் நீளங்கூட இல்லாத காரைப் பற்றி எழுதுகிறோம். சென்ற மாதம் நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். அலமாரியில் இருந்த அந்தக் காரைக் கண்டதும், "ஹஜ்ரத், இது யாரோட விளையாட்டுச் சாமான்?" என்று கேட்டான். "உன் ஹஜ்ரத்தோடதுதான்" என்றோம். அவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நாம் கவனிக்காததுபோல் இருந்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்கான பதிலே இக்கட்டுரை. கூடவே, நமது தவறொன்றை ஒப்புக்கொள்ளும் கடமையும் இதில் இருக்கிறது.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் மதரஸா மூடப்பட்டது. பிள்ளைகளின் ஓசை இல்லாத காலைப்பொழுதுகள் நம்மை வாட்டின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்த தம்பி, துபாயிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஜப்பானின் தாமியா நிறுவனத்தின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். பெட்டிக்குள் கார் இல்லை. காருக்கான உறுப்புகளே இருந்தன. பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய்கள்போல எண்ணிட்ட சிறு சிறு துண்டுகள். அவற்றை வெட்டி, தேய்த்து, வண்ணம் பூசி, ஒட்டிச் சேர்க்க வேண்டியது நமது பொறுப்பு. தூசி தட்டி அதைத் திறந்த நாள்தான் இந்தப் பழக்கத்தின் முதல் நாள்.

இவ்வகைக் கார்கள் பெரும்பாலும் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் வருகின்றன. உண்மைக் காரின் ஓர் அடி, இங்கே அரை அங்குலம். ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள பீட்டில், நம் மேசையில் 17 சென்டிமீட்டர்தான். கணக்கு எளிது, அந்தக் கணக்குக்கு உண்மையாக இருப்பதே கடினம். அசல் காரில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டின் விளிம்பு, இந்த அளவில் தலைமுடியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். நாம் பூசும் வண்ணம் சற்றே தடித்தாலும் கதவின் கோடு மறைந்துபோகும்.

அந்த நிறுவனத்தின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். 1946-இல் ஷிசுவோக்கா நகரில் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய தொழில் அது. பிறகு மரத்தால் மாதிரிகள் செய்தார்கள். 1960-இல் பிளாஸ்டிக்கிற்கு வந்தார்கள். அதை வளர்த்தெடுத்த ஷுன்சாக்கு தாமியா, போர்ஷே 911 காரின் மாதிரியைத் துல்லியமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக, உண்மையான கார் ஒன்றையே விலைக்கு வாங்கி முழுவதும் கழற்றிவிட்டாராம். அதைத் திரும்பப் பூட்டுவதற்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் வரவேண்டியதாயிற்று. அமெரிக்காவிலோ ஏ.எம்.டி. என்ற நிறுவனம், 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று வழிகளைக் கொடுத்தது: கார் கடையில் விற்கும் வடிவில் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம், அல்லது தன் விருப்பப்படி மாற்றிக் கட்டலாம். "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்ற தாளோடு "உன் மனம்போல் செய்" என்ற அனுமதியும் அந்தப் பெட்டியில் இருந்தது. பொழுதுபோக்கின் சுவை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

நமது முதல் பீட்டிலை யாருக்கும் காட்டியதில்லை. துண்டுகளை நகவெட்டியால் வெட்டினோம். விளிம்புகள் வெளுத்துப் பிளந்தன. பசை பட்ட கைவிரல், காரின் கூரையில் ரேகையை அழுத்தமாகப் பதித்துவிட்டது. அவசரத்தில் ஒரே பூச்சாக அடித்த வண்ணம் கதவின் அடியில் சொட்டுக் கட்டி நின்றது. கடைசியில், கண்ணாடியை உடனடியாக ஒட்டும் பசையால் ஒட்டினோம். மறுநாள் காலையில் கண்ணாடி முழுவதும் வெண்பனி படர்ந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து அப்படி மங்கச் செய்யும் என்பதை, கெடுத்த பிறகே அறிந்தோம். கண்ணாடிக்கு, காய்ந்த பின் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசையே போதும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றோம். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் கழன்று வர ஒரு வழுக்குப் பொருள் பூசியிருப்பார்கள். அதைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவினால்தான் வண்ணம் பிடிக்கும். துண்டை ஒரே வெட்டில் எடுக்காமல், முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுக்க வேண்டும். உப்புத்தாளில் 400, 600, 1000 எனப் படிப்படியாக ஏற வேண்டும். வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது முகமூடியும் திறந்த சன்னலும் அவசியம். இவற்றில் ஒரு படியைத் தாவினாலும் அடுத்த படி காட்டிக்கொடுத்துவிடும். வேலையைச் செம்மையாக முடிப்பதை 'இத்கான்' என்று பாடம் நடத்தியிருக்கிறோம். அதன் பொருளை நமது விரல்கள் அறிந்தது இந்த மேசையில்தான்.

"உருவம் செய்வது கூடுமா ஹஜ்ரத்?" என்று இதை அறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். மார்க்க அறிஞர்களின் விவாதம் உயிருள்ளவற்றின் உருவம் பற்றியது; கார் உயிரற்ற பொருள். ஒரு பெட்டியில் ஓட்டுநரின் பொம்மையும் வந்தது. பேணுதலுக்காக அதைச் சட்டத்திலிருந்து வெட்டாமலே விட்டுவிட்டோம். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தது. நம்மைத் தடுமாறச் செய்த கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

இந்தப் பழக்கத்திற்கென்று ஒரு நோய் உண்டு. கட்டுவதைவிட வாங்குவது எளிது. இணையத்தில் தள்ளுபடி என்று ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். "இப்போது விட்டால் இனிக் கிடைக்காது" என்று மனம் சொல்லும். வாங்கியவுடன் கட்டி முடித்ததுபோன்ற மகிழ்ச்சி பிறக்கும். பெட்டியோ பரணுக்குப் போகும். உலகெங்கும் மாதிரி கட்டுவோரிடம் திறக்கப்படாத பெட்டிகளின் குவியல் இருப்பதும், அதைச் சொல்லி அவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வதும் வழக்கம். நாமும் சிரித்தோம். நாம் அடுக்கியது பரணில் அல்ல, கிதாபுகள் இருக்கும் அலமாரியில், பெரிய விரிவுரை நூல்களின் பின்வரிசையில். மறைத்து வைக்கிறோம் என்பதை நாமே ஒப்புக்கொள்ளவில்லை. 'தூசி படாத இடம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரமலானுக்கு முந்தைய வாரம், வீட்டைச் சுத்தம் செய்த நமது துணைவியார் அந்த நூல்களை வெளியே எடுத்து வைத்தார். நாம் அஸர் தொழுது திரும்பியபோது பெட்டிகள் அனைத்தும் கூடத்தில் வரிசையாக இருந்தன. பதினான்கு. அவர் சத்தம் போடவில்லை. "என்னங்க, இதெல்லாம் எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். கைப்பேசியில் பழைய ரசீதுகளைத் தேடிக் கூட்டினோம். 32,400 ரூபாய்.

அறையின் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குக் காத்திருந்த காலம். டாலி கணக்கு வகுப்பில் சேர 4,500 ரூபாய் கேட்டிருந்தாள். "அடுத்த மாசம் பார்ப்போம்மா, இப்ப கை நெருக்கடி" என்று இரண்டு முறை சொல்லியிருந்தோம். அவள் பெட்டிகளைப் பார்த்தாள், நம்மைப் பார்க்கவில்லை. பிறகு சமையலறைக்குள் சென்றுவிட்டாள். ஒரு சொல் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். கேட்காததால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நெருக்கடி என்று நாம் சொன்னது பொய் என்று அதுவரை நமக்குத் தோன்றவே இல்லை. உண்மையில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கை நெருக்கடிதான். அந்த நெருக்கடியை உண்டாக்கிய காரணங்களில் ஒன்று நமது நூல்களுக்குப் பின்னால் இருந்தது. வீண்விரயம் பற்றி ஜும்ஆ மேடையில் பேசிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் திருமண மண்டபங்களின் அலங்காரத்தையும், கொட்டப்படும் பிரியாணியையும்தான் உதாரணம் காட்டினோம். பிறர் வீட்டு விரயம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் வீட்டு விரயத்துக்குப் 'பொழுதுபோக்கு' என்ற மரியாதையான பெயர் கிடைத்துவிடுகிறது.

மறுநாள் மகளை அழைத்து, "அத்தா சொன்னது தப்பும்மா" என்றோம். அவள், "பரவாயில்லத்தா" என்றாள். அந்தப் 'பரவாயில்லை' மனதிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. சொல்லால் மட்டும் சரிசெய்யக்கூடியதல்ல என்பதும் புரிந்தது. ஒன்பது பெட்டிகளைச் சென்னையிலும் கோவையிலும் உள்ள மாதிரி கட்டுவோருக்கு விற்றோம். வாங்கிய விலையில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியது. அதிலிருந்து முதலில் வகுப்புக் கட்டணம் கட்டினோம். இரண்டு பெட்டிகளை, ஓதும்போது ஓரிடத்தில் உட்காரமாட்டாத இரு மாணவர்களுக்குக் கொடுத்தோம். அவர்களில் ஒருவன் வியாழன் தோறும் நமது மேசைக்கு வந்து, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்கிறான். எஞ்சியவை மூன்று.

அதன்பின் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். கட்டிக்கொண்டிருப்பது முடியாமல் புதியது வாங்குவதில்லை. வாங்கும் பணம், அதற்கெனச் சேர்க்கும் உண்டியலிலிருந்து மட்டுமே. அந்த உண்டியல் துணைவியாரிடம் இருக்கும். இஷாவுக்குப் பின் அமர்ந்தால் பத்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்கும் ஒரு காரணம் உண்டு. ஒருநாள் நள்ளிரவு இரண்டு மணிவரை வண்ணத்தை மெருகேற்றிவிட்டுப் படுத்தோம். விழித்தபோது வெயில் வந்திருந்தது, சுபுஹு தவறியிருந்தது. மதரஸா வாசலில் பிள்ளைகள் பூட்டிய கதவருகே நின்றிருந்தார்கள். அந்தக் காட்சியை நாம் மறக்க விரும்பவில்லை.

எஞ்சிய மூன்றில் ஒன்று, இன்னொரு பீட்டில். அதைத் தாளில் உள்ளபடி கட்டாமல் மாற்றிக் கட்ட எண்ணினோம். நமது மாமனார், அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக, வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டியவர். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரங்களையும் பாய்களையும் கேரியரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவார். அந்தக் கேரியரைப் பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைத்தோம். இருமல் மருந்துப் புட்டியின் மூடி, அந்த அளவில் இரண்டடி அகலமுள்ள பிரியாணித் தேக்சாவாக மாறியது. காகிதத்தில் கோடிட்டுச் சுருட்டினால் பாய். பழைய காரின் துருவுக்குச் சமையலறை உப்பு உதவியது. முதலில் துரு நிறம் அடித்து, அதன்மேல் ஈரம் தடவி உப்பைத் தூவிக் காயவிட வேண்டும். பிறகு மேல் வண்ணம் அடித்து, காய்ந்தபின் ஈரத் தூரிகையால் உப்பைத் தேய்த்து எடுத்தால், அந்தந்த இடத்தில் வண்ணம் உரிந்து துரு எட்டிப்பார்க்கும். உப்பைக் குறைத்துத் தூவச் சொன்னது மகள். அவள் கை நம் கையைவிட நிதானமானது.

முடித்துக் கூடத்தில் வைத்தபோது துணைவியார் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அத்தாவோட காரு இது இல்லையே" என்றார்.

"காரு வேற, கேரியர் அதேதான்" என்றோம்.

"அப்படின்னா இடது பக்கக் கண்ணாடி எதுக்கு? அது லாரி உரசி உடைஞ்சதுக்கப்புறம் அத்தா மாட்டவே இல்லையே. பணம் கையில வரும்போதெல்லாம் 'புள்ளைகளுக்கு ஆகட்டும்'னு சொல்லிருவாங்க."

மகள் நம்மைப் பார்த்தாள். நாம் வெட்டுக்கருவியை எடுத்து, மிகச் சிரமப்பட்டுப் பளபளப்பாக்கியிருந்த அந்தச் சிறு கண்ணாடியை வெட்டி எடுத்தோம். மகள் அந்த இடத்தில் ஒரு புள்ளி துரு வைத்தாள்.

சகோதரர்களே, பொழுதுபோக்கு வைத்திருப்பது குற்றமல்ல. கைக்கு வேலையும் மனதிற்கு அமைதியும் தருகிற எதுவும் அல்லாஹ்வின் நிஃமத்தே. ஆனால் உங்கள் வீட்டிலும் எங்கோ ஒரு பின்வரிசை இருக்கலாம். அங்கே இருப்பது பெட்டியாக இல்லாமல் கைப்பேசியாக, தங்கமாக, புடவையாக இருக்கலாம். ரமலான் வரும்வரை காத்திராமல், அதை நாமே வெளியே எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்துவிடுவோமாக. வஸ்ஸலாம்.