முதல் விசில்

"பந்து போகலாம், ஆள் போகக் கூடாது." பின்கள ஆட்டக்காரனுக்குச் சொல்லித் தரப்படும் இந்த வாசகத்தைப் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை பல மைதானங்களில் கேட்டிருக்கிறேன். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து, சொந்தக் காசில் பந்து வாங்கிவந்து பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நல்ல மனிதர்தான். வாசகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பந்தையே பார்த்துக்கொண்டு ஏமாறாதே, எதிராளியின் உடம்பையும் கவனி, அவன் வரப்போகும் இடத்துக்கு முன்பே போய் நில் என்பது அதன் பொருள். ஆனால் 13 வயதுப் பையனின் காதில் அது வேறாக விழுகிறது. பந்து எப்படியும் போகட்டும், ஆளை எடு என்றே அவன் புரிந்துகொள்கிறான்.

அந்த இடைவெளியில்தான் கால்கள் உடைகின்றன. குறிப்பாக, நன்றாக ஆடத் தெரிந்த பையன்களின் கால்கள். சுமாராக ஆடுபவனை யாரும் உதைப்பதில்லை. பந்து அவனிடம் தங்குவதே இல்லை என்பதால் அதற்கு அவசியம் நேர்வதில்லை. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டத் தெரிந்தவன்தான் உதை வாங்குகிறான். சிறுவர் கால்பந்தில் திறமை என்பது உடம்புக்கு வரும் ஆபத்தாகவும் இருக்கிறது. இதை ஆட்டத்தின் இயல்பு என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்த ஏற்பைக் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கால்பந்து என்றதும் சென்னையில் எல்லாரும் வியாசர்பாடியைச் சொல்வார்கள். தென்புறநகருக்கு அந்தப் பெயர் கிடையாது. ஆனால் தாம்பரம் பந்தாட்டம் அறியாத ஊர் அல்ல. 1931-இல் கடற்கரையிலிருந்து மின்வண்டி இங்கே வந்தது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. ரயில்வே குடியிருப்புகளும் விமானப்படைத் தளமும் உள்ள ஊர். சீருடை, அணி, கோப்பை ஆகியவற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியான பிறகு அடுக்குமாடிகள் பெருகின, பொட்டல்கள் சுருங்கின. மிஞ்சியிருக்கும் சரளைத் திடல்களில் நான்கு கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு பையன்கள் பந்து உதைக்கிறார்கள். விழுந்தால் முழங்கால் தோல் மண்ணோடு போகும். அப்படிப்பட்ட தரையில் ஒருவனை வேண்டுமென்றே விழவைப்பது என்னவென்று, புல்தரை ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குப் புரியாது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். அம்மா சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை, அப்பா வேன் ஓட்டுநர். வயதுக்குச் சற்றுச் சிறிய உடம்பு. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் அவன் உடம்பில் ஏதோ ஒன்று அமைதியாகிவிடும். மற்றவர்கள் பந்தைத் துரத்துவார்கள், இவன் அதை வரவேற்பான். பந்தோடு திரும்பும்போது ஒரு தோள் மட்டும் சற்றே தாழும். எதிரில் நிற்பவன் அந்தப் பக்கம் சாய்வதற்குள் இவன் மறுபக்கம் போயிருப்பான். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. மைதானம் பக்கம் போகும் நாட்களில் அந்தத் திருப்பத்தை ஒருமுறையாவது பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். நல்ல கவிதையின் ஒரு வரியை மீண்டும் படித்துப் பார்ப்பது போன்ற சந்தோஷம் அது.

ஒரு கோடை விடுமுறையில் 14 வயதுக்குட்பட்டோருக்கான எழுவர் போட்டி நடந்தது. முதல் ஐந்து நிமிடங்களில் அவன் இரண்டு முறை அந்தத் திருப்பத்தைச் செய்தான். கோட்டுக்கு வெளியே நின்ற எதிரணிப் பயிற்சியாளர், "டேய், அந்தக் குள்ளன இறக்குடா" என்று கத்தினார். எல்லாருக்கும் கேட்டது, நடுவருக்கும் கேட்டது. அடுத்த முறை பின்னாலிருந்து கணுக்காலில் ஒரு உதை. நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்து, உதைத்தவனின் தலையைச் செல்லமாகத் தட்டினார். பிறகு வேறொரு பையன், பிறகு இன்னொருவன். ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் எவன்மேலும் குற்றம் சேரவில்லை. உதை வாங்கியது மட்டும் ஒரே கால். இடைவேளைக்குப் பிறகு நான்காவது உதையில் அவன் எழுந்திருக்கவில்லை.

கணுக்காலுக்குச் சற்று மேலே, வளர்ச்சித் தட்டில் முறிவு என்றார் மருத்துவர். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன்பிறகும் கால் நேராக வளர்கிறதா என்று அவ்வப்போது வந்து காட்ட வேண்டும். அவன் அம்மாவுக்கு முதல் இரண்டு வாரச் சம்பளம் போயிற்று. "கால் சரியாயிடும்ணா, அது பரவால்ல. தூக்கத்துல திடீர்னு காலை இழுத்துக்கிறான், அதான் பயமா இருக்கு" என்றார் என்னிடம்.

போட்டி நடந்த மறுவாரம் அந்த நடுவரை ரயில் நிலையத்தருகே ஒரு தேநீர்க்கடையில் பார்த்தேன். நான் கேட்டதற்கு அவர் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார். "சின்னப் பசங்க ஆட்டம் சார். கார்டு காட்டினா அப்பன்காரன் மைதானத்துக்குள்ள வந்துடுவான். லைன்ஸ்மேன் இல்ல, போலீஸ் இல்ல, நான் ஒருத்தன். குடுக்கிற முன்னூறு ரூபாய்க்கு அடி வாங்கணுமா?" அவரைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. பையனைக் காக்க வேண்டியவரையே காக்க யாரும் இல்லை என்பதுதான் நிலைமை.

ஏழு மாதம் கழித்து அவன் மைதானத்துக்குத் திரும்பினான். நடையில் குறையில்லை, வேகத்திலும் இல்லை. ஆனால் பந்து வந்ததும் அடுத்த கணமே பக்கத்திலிருப்பவனுக்குத் தட்டிவிட்டான். ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட அவன் திரும்பவில்லை. அவனுடைய பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி. "இப்பதான் பக்குவம் வந்திருக்கு, டீமுக்காக ஆடுறான்" என்றார். நான் பார்த்தது பக்குவத்தை அல்ல, பயத்தை. பயமும் பக்குவமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கால் முறிந்ததை எக்ஸ்ரே காட்டும். தோள் தாழும் அந்தத் திருப்பம் தொலைந்துபோனதைக் காட்ட எந்தக் கருவியும் இல்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், தெளிவாகவே இருக்கிறது. கால்பந்தின் பன்னிரண்டாம் விதி தப்பாட்டத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாத ஆட்டம் என்றால் மஞ்சள் அட்டை. மிதமிஞ்சிய பலத்தால் எதிராளியின் உடம்புக்கு ஆபத்து விளைவித்தால் சிவப்பு அட்டை. நம் மைதானங்களின் நிரந்தர வாதமான "பந்தைத்தான் சார் தொட்டேன்" என்பதற்கு இந்தப் படிகளில் இடமே இல்லை. பந்தைத் தொட்டுவிட்டும் ஒருவன் காலை உடைக்கலாம். அதுவும் குற்றம்தான்.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் பெரிய ஆட்டக்காரர்களின் உடம்புகள் இருக்கின்றன. 1966 உலகக் கோப்பையில் பல்கேரியாவும் போர்ச்சுகலும் பெலேயை உதைத்தே முடக்கின. மாற்று ஆட்டக்காரர் முறை அப்போது இல்லாததால் போர்ச்சுகலுக்கு எதிராக நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். மாற்று ஆட்டக்காரரும், மஞ்சள் சிவப்பு அட்டைகளும் உலகக் கோப்பைக்கு வந்தது 1970-இல்தான். 1982-இல் இத்தாலியின் ஜென்டிலே ஆட்டம் முழுக்க மரடோனாவைத் தடுக்கிவிட்டும் இழுத்தும் தள்ளியும் ஒரு மஞ்சள் அட்டையோடு தப்பினார். அடுத்த ஆட்டத்தில், பிரேசிலுக்கு எதிராக, பொறுமையிழந்து ஒருவரை உதைத்த 21 வயது மரடோனாவுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. உதைப்பவர்கள் தப்புவதும் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கையில் மாட்டிக்கொள்வதும் எல்லாத் தெருவிலும் நடப்பதுதான். 1983 செப்டம்பரில் கோய்கோச்சியா அதே மரடோனாவின் கணுக்காலை உடைத்தார். கணுக்கால் காயங்கள் மார்கோ வான் பாஸ்டனின் ஆட்டத்தை 28 வயதில், 1993-இல், நிறுத்திவிட்டன. பின்னாலிருந்து ஆபத்தாக டேக்கிள் செய்பவரை வெளியேற்ற வேண்டும் என்று விதி இறுகியது 1998-இல்.

ஆனால் பெலேக்கும் மரடோனாவுக்கும் நேர்ந்ததைப் படக்கருவிகள் பார்த்தன. சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ உதை வாங்கும் பையனுக்கு இருக்கும் ஒரே சாட்சி நடுவரின் கண்.

பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களின் உடம்பு அல்ல என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். எலும்பு நீளும் வளர்ச்சித் தட்டுகள் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயது வரைகூடத் திறந்திருக்கும். சுற்றியுள்ள ஜவ்வை விட அவை பலவீனமானவை. பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் அடி சிறுவனுக்கு முறிவாகிறது. போதாததற்கு, ஒரே 14 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் இன்னும் குழந்தையாக இருப்பான். பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்து இறக்கப்படும் பையன்கள் வேறு. இந்த மோசடிக்காகத்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மணிக்கட்டு எக்ஸ்ரேவைக் கொண்டு எலும்பின் வயதைக் கணிக்கும் முறையைக் கையாண்டது. இங்கிலாந்தில் வயதைப் பார்க்காமல் உடல் முதிர்ச்சியைப் பார்த்து அணி பிரிக்கும் சோதனைகளும் நடந்திருக்கின்றன. நமக்கு இது புதிதல்ல. நம் ஊர்க் கபடியில் எடைப் பிரிவு வைத்து ஆட விடுகிறோம். தராசில் ஏற்றாமல் பையனைக் களத்தில் இறக்க மாட்டோம். கால்பந்துக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை.

"பொத்திப் பொத்தி வளர்த்தா மேல போய் எப்படி ஆடுவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தோளோடு தோள் மோதுவதும், சரியான கணத்தில் பந்தைப் பறிப்பதும், மண்ணில் விழுந்து எழுவதும் ஆட்டத்தின் பகுதிகள். அவற்றிலிருந்து யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் முரட்டுத்தனத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஜல்லிக்கட்டைவிட முரட்டுத்தனமான ஆட்டம் நம்மிடம் எது? அங்கேயும் திமிலைத்தான் பிடிக்க வேண்டும். வாலைப் பிடிப்பவனை ஒலிபெருக்கியில் கண்டித்து வெளியே அனுப்புகிறோம். அதனால் வீரம் குறைந்துவிட்டது என்று எவரும் சொன்னதில்லை. காளைக்குக் கொடுக்கும் மரியாதையைப் பந்தோடு வரும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா?

செய்யக் கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. நடுவர் முதல் பத்து நிமிடங்களில் கறாராக இருந்தால் மீதி ஆட்டம் தானாகவே அடங்கும். முதல் உதையிலேயே ஆட்டத்தின் எல்லையைப் பையன்கள் அளந்துவிடுகிறார்கள். சிவப்பு அட்டைக்குத் தயங்கும் நடுவருக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 2017-இலிருந்து, இளையோர் ஆட்டங்களில் மஞ்சள் அட்டை பெற்றவனைச் சில நிமிடங்கள் வெளியே உட்காரவைக்க விதிகள் இடம் தருகின்றன. கபடியில் 'அவுட்' ஆனவன் கோட்டுக்கு வெளியே உட்காருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. போட்டி நடத்துபவர்கள் நடுவருக்குத் துணையாக இரண்டு பெரியவர்களை நிறுத்தலாம். "இறக்கு" என்று கத்தும் பயிற்சியாளரை, உதைத்த பையனுக்கு முன்பாக வெளியே அனுப்பலாம். அந்தப் பையன் அவருடைய சொல்லைத்தானே நிறைவேற்றுகிறான்? அவனும் ஒரு குழந்தைதான். ஆளை எடுப்பதையே ஆட்டம் என்று கற்றுக்கொண்டு, பந்தின் சுகம் அறியாமல் வளர்கிறான். அது இன்னொரு இழப்பு.

அடிபட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களை நினைவூட்டலாம். 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கணத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்து உயிரிழந்தார். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்தி, முழங்கால் ஜவ்வுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தாள். இரண்டும் முரட்டு உதையால் நேர்ந்தவை அல்ல. ஆனால் மைதானத்தில் விழும் ஓர் உடம்பு அதன்பின் எத்தனை கைகளைக் கடந்து போக வேண்டியிருக்கிறது, அவற்றில் எத்தனை கைகளை நம்மால் நம்ப முடியும் என்பதை அவை சொல்கின்றன. விழாமல் காப்பதே நம் கையில் இருக்கும் சிகிச்சை.

நம் பக்கத்திலிருந்து ஏன் பெரிய ஆட்டக்காரர்கள் வருவதில்லை என்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலகக் கோப்பைக் காலத்தில், நள்ளிரவு வரை விழித்திருந்து பேசுகிறோம். உணவு, மைதானம், பணம், அரசியல் என்று காரணங்களை அடுக்குகிறோம். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் வந்தவர்களை என்ன செய்தோம் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அவர்கள் 13 வயதில் வந்தார்கள், ஏதோ ஒரு சரளைத் திடலில் தோளைச் சற்றே தாழ்த்தி ஒருமுறை திரும்பினார்கள். அப்போது ஊதப்பட்டிருக்க வேண்டிய ஒரு விசில் ஊதப்படவில்லை.