"ஒத்துக்கிட்டுத் தண்டம் கட்டிட்டு வாங்க" என்று இனி யாருக்கும் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சம்பந்தப்பட்ட தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். அவருடைய பெயர், தோட்டம், கடை எதுவும் இதில் இல்லை.

தரம் 6 பிள்ளை ஒன்று ஐந்து நாளாகப் பாடசாலைக்கு வரவில்லை. மழைக்காலம். இரத்தினபுரிப் பக்கம் ஆறு பெருகினால் பிள்ளைகள் வராமலிருப்பது புதிதல்ல. ஆனால் அதே லயத்துப் பிள்ளைகள் மற்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கேட்டால் தலையைக் குனிகிறார்கள். கடைசியில் ஒரு பையன் சொன்னான்: "அவங்க அம்மாவ டவுன்ல கடையில புடிச்சிட்டாங்க சேர்."

பின்னேரம் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் லயத்துக்குப் போனோம். காம்பராக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்ட பிறகுதான் திறந்தார்கள். கணவர் ரப்பர் வெட்டுகிறவர். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நாட்சம்பளத்தின் அடிப்படை 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது என்று பத்திரிகையில் பெரிதாக வந்தது. வேலை கிடைக்கிற நாளுக்குத்தானே அந்தக் கணக்கு? வீட்டில் கைக்குழந்தை வேறு.

அந்தத் தாய் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. "எடுத்தேன் சேர். ஒரு பால்மா பக்கெட்டு. சால்வைக்குள்ள வச்சிட்டேன்" என்றார். கடைக்காரர்கள் பின்னறையில் இரண்டு மணித்தியாலம் வைத்திருந்து, சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிறகுதான் பொலிஸ். அடுத்த நாள் நீதிமன்றத்தில் சரீரப் பிணை கிடைத்தது. தோட்டத்துத் தலைவர் ஒருவர் பிணை நின்றார். அடுத்த தவணைக்கு இன்னும் இரண்டு கிழமை.

இப்போது எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். நாங்கள் படித்தவர்கள், வாத்தியார்கள். அவருக்குச் சொன்ன முதல் ஆலோசனை இதுதான்: "தங்கச்சி, ஒத்துக்கிட்டுத் தண்டத்தக் கட்டிட்டு வாங்க. ஒரு நாளோட முடிஞ்சிரும்." லயத்தில் எல்லாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் திரும்பி வரும் வழியில் மனம் கேட்கவில்லை. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பேசி வைத்திருந்தார். அதற்குப் பொலிஸ் கிளியரன்ஸ் வேண்டும். தண்டம் ஒரு நாளோடு முடியும். பதிவு முடியுமா?

அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு இரத்தினபுரி சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது அது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி கிடைப்பார். அங்கே இருந்த சட்டத்தரணி அம்மா பொறுமையாக விளங்கப்படுத்தியதைத்தான் கீழே எழுதுகிறோம்.

முதலாவது. நம் நாட்டில் "கடைத் திருட்டு" என்று தனியாகச் சின்னக் குற்றம் ஒன்று இல்லை. சவர்க்காரக் கட்டி எடுத்தாலும் அது தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவுதான். மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ஆகவே "சின்ன விசயம்தானே" என்று தனியாகப் போய் நிற்கக் கூடாது.

இரண்டாவது. 366ஆம் பிரிவு திருட்டுக்குச் சொல்லும் விளக்கத்தில் முக்கியமான சொல் "நேர்மையற்ற எண்ணம்". அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கூடையில் இருந்ததை மறந்து வாசலைத் தாண்டியவர் திருடர் ஆகமாட்டார். பொருளை எடுத்தார் என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த எண்ணத்தையும் முறைப்பாட்டுத் தரப்புத்தான் நிரூபிக்க வேண்டும். உண்மையிலேயே மறந்திருந்தால், பயந்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பில், கமரா பதிவு, கூட வந்தவரின் சாட்சி எல்லாம் உதவும். கமரா பதிவு அழிந்து போகும் முன்பே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்த கடிதம் அப்படியல்ல. அது வழக்கில் வரலாம். விளங்காத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பொலிஸில் எழுதும் வாக்குமூலத்தையும் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும், திருத்தவும் கூட்டவும் உங்களுக்கு இடமிருக்கிறது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் உரிமைதான், யாரும் போடுகிற பிச்சையில்லை.

நான்காவது. கடைக்காரர் பிடித்தால், தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். அடைத்து வைக்கவோ, அடிக்கவோ, பத்து மடங்கு காசு கேட்டு மிரட்டவோ அவருக்கு உரிமை இல்லை. பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும். 2023 ஒக்டோபரில் பொரலஸ்கமுவயில் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குள் ஒரு பெண்ணை ஊழியர்கள் தாக்கிய வீடியோவை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த ஊழியர்களும் கைதானார்கள். திருட்டு என்று சந்தேகித்தது அவர்களுக்கு அடிக்க அனுமதி ஆகவில்லை.

அதே வருடம் மே மாதம் நடந்ததையும் மறக்க முடியாது. கொழும்பில் வீட்டு வேலை செய்த பதுளைப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய். நகை திருடியதாக முறைப்பாடு. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிர் போய்விட்டது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. 13ஆம் உறுப்புரை, குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி என்கிறது. யாரையாவது பொலிஸில் வைத்திருந்தால் வீட்டில் அழுதுகொண்டு இருக்காமல் உடனே ஆட்கள் போங்கள். அடி விழுகிறது என்று தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஐந்தாவதுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. "சேர், அவ எடுத்திருக்கா. நீதிமன்றத்துல பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆனா குற்றத்த ஒத்துக்கிறது வேற, குற்றவாளின்னு தீர்ப்பு வாங்குறது வேற" என்றார் அந்த அம்மா. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 306ஆம் பிரிவு இருக்கிறது. ஆளின் நடத்தை, வயது, சுகம், குற்றத்தின் சிறுமை, அவர் இருந்த சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே நீதவான் எச்சரித்து விடுவிக்கலாம். அல்லது நன்னடத்தைப் பிணையில் மூன்று வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு விடலாம். ஆனால் அதை யாராவது எழுந்து கேட்க வேண்டும். தனியாகக் கூண்டில் நின்று "ஓம் ஐயா" என்று சொல்லுகிறவருக்காக யார் கேட்பார்கள்?

சில சிறு வழக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைக்கும் போகும். உங்கள் வழக்கு அதற்குள் வருமா என்று சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிபட்டது பிள்ளையென்றால் வழி வேறு. 2018க்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை மீது குற்றம் சாட்டவே முடியாது. பிள்ளைகளுக்குச் சிறுவர் நீதிமன்ற முறை இருக்கிறது, நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார்.

தவணை நாளில் நாங்களும் போனோம். பக்கெட்டின் விலை ஏற்கெனவே கடைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கிராம சேவகரின் கடிதமும், பிள்ளையின் வரவைப் பற்றிப் பாடசாலை கொடுத்த கடிதமும் இருந்தன. சட்டத்தரணி அம்மா பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. நீதவான் அந்தத் தாயிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் இரண்டு கேள்வி கேட்டார். எச்சரித்தார். நன்னடத்தைப் பிணையில் விட்டார். குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வெளியே வந்து அவர் அழவில்லை. "புள்ள நாளைக்கு ஸ்கூலுக்கு வரும் சேர்" என்றார். வந்தது.

திருடுவது சரி என்று நாங்கள் எழுதவில்லை. அந்தத் தாயே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 2019க்குப் பிறகு கடை வாசல்களில் எங்கள் வீட்டுப் பெண்களின் பையை மட்டும் இரண்டு தடவை திறந்து பார்த்த காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. ஒன்றுமே எடுக்காமல் அந்தப் பார்வையின் கீழ் நின்றவர்கள் நாங்கள். ஒரு பக்கெட் எடுத்ததற்காக வாழ்நாள் முழுக்க அந்தப் பார்வையின் கீழ் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம்.

தலைவர்மாரே, ஆசிரியர்களே, இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் "தண்டம் கட்டு" என்று சொல்வதற்கு முன் சட்ட உதவி அலுவலகத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் காசு மட்டும்தான் செலவு. உங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுக்களிலும் இதைப் போட்டுவிடுங்கள்.