சில்லி பாயிண்ட்

1975 பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் டெஸ்ட் மேட்ச். மாயவரத்தில் எங்கள் திண்ணையில் சித்தப்பாவின் டிரான்சிஸ்டர், என் மடியில் அட்டை கிழிந்த லிப்கோ அகராதி. வர்ணனையில் காதில் விழும் சொல்லையெல்லாம் அதில் தேடுவதுதான் அப்போது எனக்குப் பிடித்திருந்த பைத்தியம். எழுத்துக்கூட்டிச் சொல்வது சித்தப்பா வேலை. அதையும் ஓவருக்கு ஓவர் நடுவில்தான் சொல்வார்.

டக் என்றால் வாத்து. ஃபைன் லெக் என்றால் நேர்த்தியான கால். கல்லி, மழைத்தண்ணீர் அரித்த பள்ளம். சேப்பாக்கத்தில் ஏது பள்ளம்? “வாத்து முட்டை எப்படி இருக்கும்? ஸைபர் மாதிரி இல்லே? அதான் டக்” என்று ஒன்றைத் தீர்த்துவைத்தார். சில்லிக்கு முட்டாள்தனம் என்று அர்த்தம் வந்ததும் சிரித்துவிட்டார். “பேட்டுக்கு அவ்வளவு கிட்டப் போய் நிக்கிறவனை வேற என்னன்னு சொல்றது?” ஹெல்மெட் வராத காலம். சோல்கர் ஷார்ட் லெக்கில் வெறுந்தலையோடு குனிந்து நின்று கேட்ச் பிடித்துக்கொண்டிருந்தார். மெய்டனுக்குக் கன்னி என்று நான் உரக்கப் படித்தபோது பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். “ரன் கொடுக்காத ஓவர்டா, போதும்” என்று சித்தப்பா அவசரமாக முடித்தார்.

ஹாட் டிரிக்கில் தொப்பி எங்கே வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. 1858இல் ஷெஃபீல்டில் அடுத்தடுத்து மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்த ஸ்டீபன்சனுக்குப் பணம் வசூலித்துத் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன்.

ராபர்ட்ஸ் 7 விக்கெட்டைச் சாய்க்க, இந்தியா 190. அதில் 97 விஸ்வநாத்துடையது. கடைசி ஆளாகச் சந்திரசேகர் போனதும் ‘ஸ்ட்ராண்டட்’ என்று ஒரு சொல் வந்தது. தேடினேன்: கரைதட்டிய. அவுட்டாகாதவனுக்காக எதற்கு வருத்தப்படுகிறார்கள் என்று அதுவரை எனக்குப் புரியவில்லை. அன்று சித்தப்பா சாப்பிடவில்லை. அகராதி சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்பேன்.

மேட்சை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் எனக்கு வேறு கவலை.

“சித்தப்பா, தேர்ட் மேன்னா மூணாவது ஆள். முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் எங்கே நிக்கறா?”

“சும்மா இருடா, ராபர்ட்ஸ் ஓடி வரான்.”

உள்ளேயிருந்து சித்தியின் குரல்: “மூணாவது ஆள் இருக்கட்டும், அங்கே முதல் ஆள் குளிச்சாச்சான்னு கேளு!”