ஏத்தங்காய் சிப்ஸும் எண்ணெய்க் கணக்கும்

புனேயில் 'சிப்ஸ்' என்று கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் வருவது 'வேஃபர்ஸ்'தான். கேம்ப் எம்.ஜி. ரோட்டில் புதானி வேஃபர்ஸ் கடையைத் தெரியாதவர் இங்கே குறைவு. ஏகாதசி உபவாசத்துக்குக்கூட உருளைக்கிழங்கு வேஃபர்ஸ் உண்டுங்க! அரிசி, கோதுமைதான் ஆகாது. உருளையும் வேர்க்கடலையும் ஜவ்வரிசியும் தாராளமாகச் சாப்பிடலாம். வந்த புதிதில் நானும் வாயைப் பிளந்தேன். அந்த ஜவ்வரிசி நம்ம சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது என்று சொன்னால் இப்போது அவர்கள் வாயைப் பிளக்கிறார்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். பிம்ப்ரி பக்கம் ஹாட் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் 2025 ஜூலையில் எங்கள் கிளைக்கு வந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். முத்ரா கடனில் கிஷோர் பிரிவு, அதாவது 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. அவர் கேட்டது 4 லட்சம். கணக்கு நோட்டைப் புரட்டினால் அந்த வருடம் ஜனவரியிலிருந்து லாபம் தேய்ந்துகொண்டே வருகிறது.

காரணம் எண்ணெய். உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ சிப்ஸுக்கு ஏறக்குறைய 4 கிலோ கிழங்கு வேண்டும். தண்ணீர் போன இடத்தில் எண்ணெய் ஏறி உட்காரும். பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி உருளைக்கு பாமாயில், ஏத்தங்காய்க்குத் தேங்காய் எண்ணெய் என்று இரண்டு சட்டி வைத்திருக்கிறார். தேங்காய் எண்ணெயோ அந்த வருட நடுவில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. எண்ணெய் கிலோவுக்கு 200 ஏறினால் சிப்ஸ் அடக்கவிலை 60 ரூபாய்க்கு மேல் ஏறும். எங்கிருந்து லாபம் வரும்?

"ஏத்தங்காயையும் பாமாயிலுக்கு மாத்திடுங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"மாத்தலாம் சார். டப்பாவைத் திறந்ததும் வாசத்துலயே தெரிஞ்சிரும். நம்ம ஊர்க்காரனும் மலையாளத்தானும் அதுக்குத்தான பஸ் ஏறி வாரான்?"

பழைய எண்ணெயையே இழுத்து இழுத்துப் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. பொட்டலம் வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த வழிக்கு அண்ணாச்சி போகவில்லை. அடுத்த வாரம் வேறொரு கணக்கோடு வந்தார். ஏத்தங்காய் சனி, ஞாயிறு மட்டும். பொட்டலத்தில் எடை குறைக்காமல் விலையை வெளிப்படையாக ஏற்றுவது. மற்ற நாள் உருளை, மரவள்ளி, பாகற்காய். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முன்பணம் வாங்கித்தான் சட்டி வைப்பது.

கிளையில் கேள்விமேல் கேள்வி. கடைசியில் இரண்டரை லட்சம் அனுமதியானது. மீதிக்கு வீட்டம்மாவின் வளையலை நகைக்கடனில் வைத்தார். அந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டது நான்தான். கொஞ்சம் கை கூசியது.

தீபாவளிக்கு அடுத்த மாதம் வளையலை மீட்டுக்கொண்டு போனார். முத்ரா தவணை தேதி தவறாமல் வருகிறது.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனீர்களென்றால், மஞ்சள் கலந்த உப்புத்தண்ணீரைச் சட்டியில் விடும் சடசட சத்தத்தோடு சூடாக வாங்கலாம். ஆறு மணிக்கு மேல் தூள்தான் மிஞ்சும்.