அளக்காமல் மூடும் பெட்டி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டுகிறவன் வெறும் பாகம் மாற்றுகிறவன் அல்ல, இடைவெளி வைக்கிறவன். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் என் பழைய வாடிக்கையாளரிடம், "ஓவர்ஹால் எல்லாம் ரோட்டோரப் பட்டறைக்காரங்க பண்றது சார், புதுப் பெட்டியே போட்டுடுங்க" என்றார்களாம். அவர்கள் கேட்ட தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கலாம். ரோட்டோரப் பட்டறைக்காரன் என்ன செய்கிறான் என்று இனியாவது யாராவது சொல்ல வேண்டும்.

நான் தொழில் கற்றது ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில். எங்கள் பக்கம் அம்பாசடர் ஓடிய காலத்திலேயே அங்கே ஷெவர்லே கேப்ரைஸ்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பெரும்பாலும் 700ஆர்4 பெட்டி. ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் இறக்கிய 4 கியர் பெட்டி. மூன்றாம், நான்காம் கியருக்கான அதன் 3-4 கிளட்ச் எரியாத வண்டி அபூர்வம். என் உஸ்தாத் லாகூர்க்காரர். அந்த ஒரு கிளட்சை வைத்தே எனக்கு முழுத் தொழிலையும் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு ஃப்ரிக்ஷன் பிளேட்டுக்கு 10 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தவ்) இடைவெளி என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. 3-4 கிளட்சில் 6 பிளேட். கணக்குப்படி 60 தவ் வர வேண்டும். உஸ்தாத் ஒத்துக்கொள்ள மாட்டார். 30க்கு மேல், 40க்குள் நிற்க வேண்டும் என்பார். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இரண்டாம் கியரைப் பிடித்திருந்த பேண்ட் விடும், 3-4 பிடிக்கும். இடைவெளி அதிகமென்றால் பிஸ்டன் அந்தத் தூரத்தைக் கடந்து பிளேட்டை அழுத்துவதற்குள் இன்ஜின் உறுமிவிடும். பிடிக்கிற நேரத்தில் வழுக்கி எரியும். குறைவென்றால் முதல் இரண்டு கியரிலும் பிளேட்டுகள் உரசிக்கொண்டே சுற்றும், அதுவும் எரியும். இரண்டு வழியிலும் ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும். எந்த வழியில் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட் போட்டால், புதுப் பிளேட்டும் அதே வழியில்தான் போகும்.

புதுப் பிளேட்டை ஏடிஎஃப் ஆயிலில் ஊறவைத்த பிறகுதான் டிரம்மில் அடுக்க விடுவார். ஸ்னாப் ரிங்குக்கும் பேக்கிங் பிளேட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டு ஒரு இடத்தில் பார்த்தால் போதாது. டிரம்மைச் சுற்றி எதிரெதிர் இடங்களில் பார்க்க வேண்டும். கேஜ் தகடு லேசாகப் பிடித்து வர வேண்டும். வழுக்கி வரவும் கூடாது, இழுத்து எடுக்கவும் கூடாது. அளவு சரியில்லையென்றால் வேறு கனத்தில் பேக்கிங் பிளேட். அதன்பின் ஆயில் துளையில் காற்றுவிட்டுப் பார்ப்பார். பிளேட்டுகள் சேர்கிற "டப்" சத்தம் அழுத்தமாக ஒரே தடவை கேட்க வேண்டும். புஸ்ஸென்று கசிந்தால் சீல் போய்விட்டது. டிரம்மைத் திரும்பப் பிரி.

கடைசியில் என்ட் பிளே, அதாவது ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் தூரம். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, பம்பை டார்க் வைத்து முறுக்கி, இன்புட் ஷாஃப்ட் மேல் டயல் கேஜ் வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். கம்பெனி 5 முதல் 36 தவ் வரை அனுமதிக்கிறது. உஸ்தாத் 20ஐத் தாண்ட விடமாட்டார். த்ரஸ்ட் வாஷரை மாற்றி மாற்றிப் போடச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகும் த்ராட்டில் கேபிளைத் தானே கையால் இழுத்துப் பார்க்காமல் வண்டியை வெளியே விடமாட்டார். அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் ஆயில் பிரஷர் ஏறாது. நாம் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியெல்லாம் வீண்.

இன்றைக்கு என்ன நடக்கிறது? 2014இல் ஏஎம்டி பெட்டியோடு செலேரியோ கார் வந்ததிலிருந்து ஏஎம்டியும் ஆட்டோமேட்டிக், சிவிடியும் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வர்ட்டர் பெட்டியும் ஆட்டோமேட்டிக். மூன்றும் மூன்று ஜாதி என்று வண்டிக்காரருக்குத் தெரியாததில் குற்றமில்லை. பட்டறைப் பையனுக்கே தெரியவில்லை. ஸ்கேனர் மாட்டி எரர் கோட் படிக்கிறான். கிட் வாங்கி, பழையதைக் கழற்றிய வரிசையில் புதியதை அடுக்கி மூடிவிடுகிறான். "புது பார்ட்ஸ்தானே அண்ணா, எதுக்கு அளக்கணும்?" என்று என்னையே கேட்கிறான். டிரம் தேய்ந்திருக்கும், புதுப் பிளேட்டின் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளக்காமல் எப்படித் தெரியும்? எங்கள் மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் கேரளத்துக்குள் போகிற பாலையே சோதித்துப் பார்த்துத்தான் விடுகிறார்கள். ஒரு குடும்பம் ஏறி ஆனைமலைப் பக்கம் மலையேறப் போகிற வண்டியின் பெட்டியைச் சோதிக்காமல் மூடலாமா?

பெட்டியையே மாற்று என்கிறவர்களுக்கும் அளக்காமல் மூடுகிறவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது வண்டிக்காரர்தான். நான் கட்டிய ஒவ்வொரு பெட்டிக்கும் கிளட்ச் இடைவெளி, என்ட் பிளே, காற்றுச் சோதனை மூன்றையும் பில்லின் பின்புறம் எழுதித் தருகிறேன். எந்தப் பட்டறையிலும் இதைக் கேளுங்கள், பெரிய சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். அளவு எழுதித் தராதவரிடம் பெட்டியைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.