ஒல பொங்குது பாரு

பாட்டியின் குரல் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. பஹாவ் பக்கத்தில், அவர் பால்மரம் வெட்டிய தோட்டத்து லயத்து வாசலில் மாமா பதிவு செய்தது. இப்போது அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை, செம்பனைதான். கேசட்டில் பாட்டி தாலாட்டை மூக்குக்குள்ளேயே பாடுகிறார். நடுவில் நிறுத்திவிட்டு, அடுப்படியிலிருந்த அம்மாவுக்கு ஒரு கத்தல்: “ஏ புள்ள, ஒல பொங்குது பாரு!”

அதைக் கணினிக்கு மாற்றினேன். கணினிக்குக் குரல் என்பது எண் வரிசைதான். சிடி தரத்தில் ஒலியலையை நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிக்கொள்கிறது. 16 பிட் என்றால் ஒவ்வோர் அளவும் -32,768க்கும் 32,767க்கும் இடையில் ஒரு முழு எண். சத்தத்தைக் கூட்டுவது, எல்லா எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்குவது. அவ்வளவுதான்.

“ஒன்னுமே கேக்கலயேடா” என்றார் அம்மா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான்கால் பெருக்கினேன். தாலாட்டில் 300ஆக இருந்தது 1,200 ஆனது. நன்றாகக் கேட்டது. கத்தலில் 10,000 இருந்த இடம் 40,000 ஆக வேண்டும். அதற்கு இடமில்லை, 32,767இல் முட்டி நின்றுவிடும். 12,000மும் அங்கேதான், 20,000மும் அங்கேதான். அலையின் உச்சியைச் சீவிவிட்டது போல. காதுக்கு அது கரகரப்பு.

பிளேயரில் கூட்டிக் குறைப்பதும் பெருக்கல்தான், ஆனால் அது கோப்பிலுள்ள எண்களைத் தொடாது. நான் அதே பெயரில் சேமித்துத் தொலைத்தேன். கத்தலை விட்டுவிட்டுத் தாலாட்டை மட்டும் கூட்டியிருக்கலாம், இப்ப தெரியுது. மறுநாள் கால்வாசியாகக் குறைத்துப் பார்த்தேன். 300 திரும்பி வந்தது. சீவப்பட்டதெல்லாம் 8,192 ஆக வந்து நின்றது. எது 10,000, எது 20,000 என்று இனி எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது.

கேசட்டையே மறுபடி போட்டேன். பூஞ்சை பிடித்த நாடா முதல் தடவையே முனகிக்கொண்டுதான் ஓடியது. இம்முறை உருளையில் சுற்றிக்கொண்டது. பிரித்தெடுத்தபோது பாதிக்கு மேல் கசங்கிக் கிழிந்திருந்தது.

அம்மா தாலாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. தன்னைக் கூப்பிட்ட அந்த ஒரு வரியைத்தான் நாலு தடவை போடச் சொன்னார்.

“அம்மா கொரலு இப்படிக் கரகரன்னு இருக்காதேடா.”

“பழைய கேசட்டும்மா” என்றேன். “அப்படித்தான் இருக்கும்.”